பால் கொடுக்க வசதியானது எது? ரிங் ஸ்லிங்கா, பெல்ட் கேரியரா, சேலையா?

தண்டையார்பேட்டை புது அம்மா (கேள்வி)

வணக்கம். பாப்பாவுக்கு 7 வாரம் முடிஞ்சிருக்கு, எடை 4.6 கிலோ. சிசேரியன். தாய்ப்பால் மட்டும்தான். வீடு ரெண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. 10-வது வார ஊசிக்கு சுகாதார நிலையத்துல வரிசையில காத்திருக்கணும். அதுக்கப்புறம் மெட்ரோவுலயும் சில நாள் மின்சார ரயில்லயும் திருவொற்றியூர்ல இருக்கிற அம்மா வீட்டுக்குப் போக வர இருக்கணும். ஒரு கையில குழந்தை, இன்னொரு கையில பை, நடுவுல பசிச்சு அழுதா பாலும் கொடுக்கணும்.

குழந்தையை உடம்போட சேர்த்துத் தூக்க ஆன்லைன்ல பார்த்தா ரிங் ஸ்லிங் (ரெண்டு வளையத்துல கோர்த்து ஒரு தோள்ல போடுற துணி), உடம்புல சுத்திக் கட்டுற ஸ்ட்ரெச் துணி, பக்கிள் வச்ச பெல்ட் கேரியர், பை மாதிரி தொங்குற ஸ்லிங்னு ஏகப்பட்டது இருக்கு. எல்லாத்துலயும் "கை ரெண்டும் ஃப்ரீ, நடந்துக்கிட்டே பால் கொடுக்கலாம்"னு போட்டிருக்கான். நம்ம ஊர் வெயிலுக்கு எது தாங்கும்? பெல்ட் வயித்துத் தையல்ல அழுத்துமா? அத்தை, பழைய காட்டன் சேலையிலயே கட்டிக்கலாமேங்கிறாங்க. எம்.சி. ரோட்ல துணி வாங்கி டெய்லர்கிட்ட தைச்சா சரியா வருமா? 3,000 ரூபாய்க்குள்ள முடிக்கணும்.

பெரம்பூர் ஸ்லிங் பயிற்சியாளர்

தங்கச்சி, அந்த "நடந்துக்கிட்டே பால் கொடுக்கலாம்" விளம்பரத்தை முதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. தூக்கிட்டுப் போற நிலை வேற, பால் குடிக்கிற நிலை வேற. தூக்கிட்டுப் போறப்போ குழந்தையோட உச்சந்தலை உங்க உதட்டுக்குப் பக்கத்துல இருக்கணும். பால் குடிக்க அவ வாய் முலைக்காம்பு உயரத்துக்கு இறங்கியாகணும். குடிச்சு முடிச்சதும் பழையபடி மேலே ஏறணும். அதனால, வாங்குறதுக்கு முன்னாடி நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: ஒரு கையால குழந்தையைத் தாங்கிக்கிட்டு, இன்னொரு கையால இதைத் தளர்த்தி இறக்கவும் திரும்ப ஏத்தி இறுக்கவும் முடியுமா? முடியாதுன்னா அது எவ்வளவு விலையானாலும் உங்களுக்கு உதவாது.

இந்தக் கேள்வியை வச்சுப் பார்த்தா 7 வாரக் குழந்தைக்கு, சென்னை வெயிலுக்கு, சிசேரியன் வயித்துக்கு ரிங் ஸ்லிங்தான் என் முதல் தேர்வு. ஒரே அடுக்குத் துணி, இடுப்புல பெல்ட் கிடையாது, வளையத்தைச் சாய்ச்சா தளரும், துணியை இழுத்தா இறுகும். குறையும் சொல்லிடுறேன். எடை முழுக்க ஒரே தோள்ல விழும். 7, 8 கிலோ தாண்டினா அரை மணிக்கு மேல தோள் வலிக்கும். பழக ஒரு வாரமாவது ஆகும்.

ஸ்ட்ரெச் துணி சுமார் 5 மீட்டர் வரும். குழந்தை முதுகு மேல மூணு அடுக்கு ஏறும். மே மாசம் நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது, பால் கொடுக்க இறக்குறதுக்கு முடிச்சையே அவிழ்த்துக் கட்டணும். விட்டுடுங்க. பை மாதிரி தொங்குற ஸ்லிங்கை யாராவது சும்மா கொடுத்தாக்கூட வேண்டாம். அது ஏன்னு ராயபுரம் சிஸ்டர் இங்கேயே எழுதுவாங்கன்னு நினைக்கிறேன்.

இனி மாட்டுற விதம். துணியோட முனையை ரெண்டு வளையத்துக்குள்ளயும் சேர்த்துக் கீழிருந்து மேலே விடுங்க. அப்புறம் மேல் வளையத்தைத் தாண்டி மடிச்சு, கீழ் வளையத்துக்குள்ள மட்டும் இறக்குங்க. வளையத்துக்குள்ள துணி கயிறு மாதிரி முறுக்கிக்கக் கூடாது, விசிறி மாதிரி பரவி இருக்கணும். முறுக்கினா எந்த ஓரத்தை இழுக்கிறோம்னே தெரியாது. புதுசாப் பழகுறவங்களுக்கு ஸ்லிங் இறுகாததுக்கு முக்காவாசிக் காரணம் இதுதான். தலைக்கு மேலாகப் போட்டுக்கிட்டு, வளையத்தைத் தோள் எலும்புக்குக் கொஞ்சம் கீழே வையுங்க. குழந்தையை உட்கார வச்சு இறுக்கும்போது அது இன்னும் கொஞ்சம் கீழ இறங்கும், அதனால முதல்ல உயரமாவே வச்சுக்கோங்க. மார்பு வரைக்கும் இறங்கிட்டா மேற்கொண்டு இறுக்க இடம் இருக்காது.

குழந்தையை வளையம் இல்லாத தோள்ல சாய்ச்சு, கால்களைத் துணிக்கு அடியில இருந்து வெளியே எடுங்க. துணியோட கீழ் ஓரம் ஒரு முழங்கால் மடிப்புல இருந்து மறு முழங்கால் மடிப்பு வரைக்கும் போகணும். அந்த ஓரத்தைக் குழந்தைக்கும் உங்க வயித்துக்கும் நடுவுல, அவ தொப்புள் வரைக்கும் மேலே தள்ளி விடுங்க. முழங்கால் புட்டத்தைவிட உயரமா இருக்கணும், தவளை உட்கார்ற மாதிரி. இடுப்பு மூட்டுக்கு நல்லது இந்த நிலைதான். மேல் ஓரம் கழுத்தடி வரைக்கும் வரணும், தலையின் பின்பக்கத்தை மூடக் கூடாது. அப்புறம் வால்துணியை, அதாவது வளையத்துக்குக் கீழ தொங்குற முனையை, ஒரே பிடியா இழுக்காம, மேல் ஓரம், நடு, கீழ் ஓரம்னு தனித்தனியா, வளையத்துக்கு நேர் குறுக்கா இழுத்து இறுக்குங்க. கீழ்நோக்கி இழுத்தா வளையம்தான் இறங்கும், துணி நகராது.

சரியா இருக்கான்னு பார்க்க: முன்னால கொஞ்சம் குனியுங்க, ஒரு கை குழந்தை முதுகுல இருக்கட்டும். அவ உடம்பு உங்க மார்பை விட்டு விலகினா இன்னும் இறுக்கணும்.

வண்ணை தையல்கடை

துணி, வளையம் பத்தி நான் சொல்றேன். தைச்சுக்கலாம், ஆனா ரெண்டு விஷயத்துல கைவைக்கக் கூடாது: வளையம், தோள் தையல்.

வளையம்னா அலுமினியத்துல ஒட்டு இல்லாம வார்த்தது, ஸ்லிங்குக்குன்னே விக்கிறது. உள் விட்டம் 3 அங்குலம், அதாவது ஏழரை சென்டிமீட்டர். ரொம்ப மெல்லிய துணின்னா இரண்டரை அங்குலம். ஹேண்ட்பேக் சாமான் கடையில, திரைச்சீலைக் கடையில கிடைக்கிற இரும்பு வளையத்தை வாங்காதீங்க. அதுல பற்றவைத்த ஒட்டு இருக்கும். எடை ஏறினா அந்த இடம்தான் விரியும், விரியலைன்னாலும் அந்தச் சொரசொரப்பு துணி நூலை அறுக்கும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காத்து வேற. முலாம் போட்ட இரும்பு சீக்கிரமே துரு கக்கும், குழந்தை வாய் வைக்கிற உயரத்துல அது இருக்கும். வளையத்தை ஆன்லைன்ல ஜோடியா வரவழைச்சுட்டு, துணியை மட்டும் எம்.சி. ரோட்லயோ கோடவுன் தெருவுலயோ எடுங்க.

துணி இழுத்தா நீளாத காட்டன், இல்லை லினன். கையில எடுத்தா சட்டைத் துணியைவிடக் கனம், ஜீன்ஸைவிட லேசு, அந்தப் பதம். அகலம் 75 சென்டிமீட்டர் போதும். தைச்சு முடிச்சப்புறம் வளையத்துல இருந்து முனை வரைக்கும் 2 மீட்டர் இருக்கணும், அதனால இரண்டே கால் மீட்டர் வாங்குங்க. உடம்பு பெருத்தவங்களுக்கு இன்னும் 20 சென்டிமீட்டர் சேர்த்து. பாலியெஸ்டர் கலப்பு வழுக்கும், வளையம் பிடிச்சு நிக்காது. ஜார்ஜெட், சில்க், சாட்டின் எல்லாம் அதே கதிதான். லுங்கித் துணியில கேட்கிறவங்களும் உண்டு. நீளம் பத்தினாலும் மெல்லிசு, தோள்ல வெட்டும். சாயமும் போகும், குழந்தை அதைத்தான் சப்பிக்கிட்டு இருக்கும்.

வெட்டுறதுக்கு முன்னாடி துணியை வெந்நீர்ல ஒரு ராத்திரி ஊறவச்சு, கஞ்சி போகத் துவைச்சுக் காய வைக்கணும். இதைச் செய்யாம தைச்சா முதல் துவைப்புல சுருங்கி நீளம் பத்தாமப் போகும். நாலு ஓரமும் இரட்டை மடிப்பு. தோள் பக்கத்து முனையை ரெண்டு வளையத்துக்குள்ளயும் விட்டு, 18 சென்டிமீட்டர் அளவுக்குத் திருப்பி மடிச்சு, அகலத்தைக் கொசுவிட்டு அடக்கி, குறுக்கா மூணு வரிசைத் தையல் போடணும். வரிசைக்கு வரிசை ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. மூணுமே முழு அகலத்துக்கும் ஓடணும், ரெண்டு முனையிலும் பின்தையல். நூல் பாலியெஸ்டர். காட்டன் நூல் வேர்வையில ஊறி ஊறி இத்துப்போகும். தையலோட நிறம் துணிக்கு எதிர்நிறமா இருக்கட்டும். ஒரு இழை விட்டிருந்தாலும் கண்ணுல படும். டெய்லர் "அழகா இருக்காதே"ம்பார், கேட்காதீங்க.

தோள்ல பஞ்சு வைக்கச் சொல்லாதீங்க. பஞ்சு வச்சா கொசுவம் தோள்ல பரவாது, வேர்வையும் காயாது.

குழந்தையை வைக்கிறதுக்கு முன்னாடி 5 கிலோ அரிசிப் பையைத் துண்டுல சுத்தி உட்கார வச்சு, கட்டிலுக்கு மேல நின்னு கால் மணி நேரம் குலுக்கிப் பாருங்க. வளையத்துல துணி சறுக்குதா, தையல் ஓரத்துல நூல் விரிஞ்சு ஓட்டை தெரியுதான்னு பாருங்க. அடுத்து 10 கிலோ.

ராயபுரம் தாய்ப்பால் ஆலோசகர்

பை மாதிரி ஸ்லிங் ஏன் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதில் குழந்தை சுருண்டு படுக்கும், முகவாய் நெஞ்சில் முட்டும். நான்கு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் கழுத்துத் தசை வலுவாக இருக்காது, மூச்சுக்குழாயும் மிருதுவானது. முகவாய் மடங்கினால் குழாய் மடங்கி அடைபடும். அந்த நிலையில் குழந்தையால் அழவும் முடியாது, சத்தமே வராது. துணியோ மார்போ மூக்கை அழுத்தினாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆபத்து. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. முந்தைய 20 ஆண்டுகளில் நேர்ந்த குறைந்தது 14 மரணங்களை ஆராய்வதாகச் சொன்னது, அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் குறைவானவர்கள். உங்கள் குழந்தை அந்த வயதில்தான் இருக்கிறாள். பயமுறுத்த இதை எழுதவில்லை. நிமிர்ந்த நிலையில், முகம் தெரிய, சரியாக இறுக்கினால் ஸ்லிங் நல்ல பொருள். சோதனை எளிது: முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும், தலை குனியாமலே அவள் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், கொஞ்சம் குனிந்தால் உச்சியில் முத்தமிட முடிய வேண்டும்.

குறைமாதக் குழந்தை, பிறந்தபோது எடை இரண்டரை கிலோவுக்குக் கீழ் இருந்த குழந்தை, சளியோடு மூச்சு வாங்கும் குழந்தை என்றால் ஸ்லிங் போடும் முன் குழந்தை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லித்தரும் கங்காரு பராமரிப்பு தோலோடு தோல் சேர்க்கும் முறை. அதற்குக் கட்டும் துணியும் கண்காணிப்பும் வேறு. கடை ஸ்லிங்கை அதற்கு மாற்றாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது பால் கொடுப்பது. முதல் சில நாட்கள் வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் கண்ணாடி வைத்துப் பழகுங்கள். குழந்தை வீறிட்டு அழும்வரை காத்திருக்காதீர்கள். கையை வாய்க்குக் கொண்டு போகிறாள், தலையைத் திருப்பித் தேடுகிறாள் என்றால் அதுவே நேரம். அழுகிற குழந்தை நாக்கை மேலே தூக்கி வைத்திருக்கும், எந்த நிலையில் வைத்தாலும் சரியாகப் பற்றாது.

ஒரு கை குழந்தையின் புட்டத்தைத் தாங்கட்டும். மறு கையால் வளையங்களைப் பிடித்து மேல்நோக்கிச் சற்றே சாய்த்தால் பிடி தளரும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். மூக்கு முலைக்காம்புக்கு நேராக வந்தால் நிறுத்துங்கள், வாய்க்கு நேராக அல்ல. அப்போதுதான் அவள் தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலத் திறப்பாள். முகவாய் முதலில் மார்பில் படும், கருவட்டத்தின் கீழ்ப்பகுதி அதிகமாக வாய்க்குள் போகும், கீழுதடு வெளியே மலர்ந்திருக்கும், மூக்கு விலகி நிற்கும். பிடரியைத் தாங்குங்கள். தலையின் பின்பக்கத்தைப் பிடித்து மார்பில் அழுத்தாதீர்கள். அழுத்தினால் முகவாய் மடங்கும், மூக்கு அடைபடும், குழந்தை முரண்டு பிடித்து வாயை எடுத்துவிடும். "ஸ்லிங்கில் வைத்தால் பால் குடிக்க மாட்டேன் என்கிறாள்" என்று வரும் புகாரில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

பிடித்துக்கொண்டதும் மேல் ஓரத்தை மட்டும் லேசாக இறுக்கி முதுகுக்குத் தாங்கல் கொடுங்கள். மார்பு கனமாக இருந்தால் கைக்குட்டையைச் சுருட்டி மார்பின் அடியில் வையுங்கள், கை ஓயும். ஆனால் ஒரு கை எப்போதும் குழந்தையிடம் இருக்க வேண்டும். இந்த வயதில் இரண்டு கையும் விட்டுப் பால் கொடுப்பது என்று ஒன்று கிடையாது. வால்துணியால் முகத்தை மூடாதீர்கள். மறைப்பு வேண்டுமானால் வால்துணியை உங்கள் தோள்பக்கம் பிடித்து, மேலிருந்து பார்த்தால் மூக்கும் வாயும் தெரியும்படி இடைவெளி விடுங்கள்.

மிக முக்கியமானது இதற்குப் பிறகு. குடித்து முடித்ததும் சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துப் பற்றை விடுவித்து, மேலே ஏற்றி, நிமிர்த்தி, இறுக்கி, ஏப்பம் விட வையுங்கள். குடித்தபடியே தூங்கிப்போகிறாளே, எழுப்புவானேன் என்று தாழ்ந்த நிலையிலேயே விட்டுவிடும் நேரம்தான் ஆபத்தானது. தூங்கினாலும் ஏற்றுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் உடம்புச் சூடும் ஸ்லிங் துணியும் குழந்தைக்கு ஏற்கெனவே ஓர் உடுப்பு. ஸ்லிங்குக்குள் மெல்லிய காட்டன் ஜபலா போதும், சாக்ஸ், தொப்பி, சுற்றுத்துணி வேண்டாம். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாகவோ சுடச்சுடவோ இருந்தால் வெளியே எடுங்கள். பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெயிலில் போகாமல் இருந்தால் நல்லது. தாகத்துக்கு 6 மாதம்வரை தண்ணீர் கொடுக்கக் கூடாது, பாலைத்தான் அடிக்கடி கொடுக்க வேண்டும். நீங்கள் தண்ணீர் குடியுங்கள்.

மாதவரம் ரெண்டு பிள்ளை அம்மா

எல்லாரும் ரிங் ஸ்லிங்னே சொல்றீங்க. ரெண்டு மாடி ஏறி இறங்கி, ரயிலும் ஏறணும்னு கேட்டிருக்காங்க. ஒரு தோள்ல எடையைப் போட்டுக்கிட்டு மறு தோள்ல டயப்பர் பை மாட்டினா மூணே மாசத்துல கழுத்து பிடிச்சுக்கும். நல்ல பெல்ட் கேரியரை ஒதுக்காதீங்க. வாங்குறப்போ கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்றேன்.

பேனல், அதாவது குழந்தையைத் தாங்குற துணிப்பகுதி, அதோட அகலத்தைச் சுருக்க முடியணும். குழந்தையைத் தவளை மாதிரி கால் மடக்கி வச்சு, ஒரு முழங்கால் மடிப்புல இருந்து புட்டம் வழியா மறு முழங்கால் மடிப்பு வரைக்கும் நாடாவால அளங்க. கேரியரோட குறைஞ்சபட்ச அகலம் அந்த அளவைவிட அதிகமா இருந்தா இப்போ வேண்டாம். கால் பிளந்து நீட்டிக்கும். அதே மாதிரி தொடைக்கு நடுவுல மட்டும் தாங்கி, கால் ரெண்டும் தொங்குற குறுகின கேரியரும் வேண்டாம். உள்ளே தனியா மெத்தை வச்சாத்தான் சின்னக் குழந்தை பொருந்தும்னு விக்கிற மாடலும் நம்ம ஊருக்கு ஆகாது, வெந்துடும். குறைஞ்சபட்ச எடை எவ்வளவுன்னு லேபிள்ல பாருங்க. உங்க பாப்பா 4.6 கிலோ, நிறைய மாடலுக்குப் பொருந்துவா.

தோள்பட்டை நாடாவை முன்னாடியே இழுத்துத் தளர்த்துற மாதிரி இருக்கணும். முதுகுப் பக்கம் கை போகணும்னா பால் கொடுக்க உதவாது. இறுக்கிச் சரியா இருக்கிற இடத்துல நாடாவுல கலர் நூலால ஒரு தையல் அடையாளம் போட்டுக்கோங்க. பால் கொடுக்க 5, 6 சென்டிமீட்டர் தளர்த்தினா, முடிச்சப்புறம் அந்த அடையாளம் வரைக்கும் இழுத்தாப் போதும். இருட்டுலயும் தடவிப் பார்த்தே இழுக்கலாம்.

சிசேரியனுக்கு: பெல்ட்டைத் தையல் மேல கட்டாம, இடுப்புக்கு மேல, விலா எலும்புக்குக் கீழ கட்டலாம். குழந்தை சின்னதா இருக்கிறப்போ உயரமும் சரியா வரும். ஆனா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடங்குங்க. இன்னொண்ணு, பட்டை மார்பு ஓரத்துல ஒரே இடத்தை அழுத்திக்கிட்டே இருந்தா பால் கட்டும். கல்லு மாதிரி தட்டுப்பட்டா பட்டையை நகர்த்திட்டு, அந்தப் பக்கம் பால் கொடுங்க. சிவந்து காய்ச்சல் வந்தா காத்திருக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

பெரம்பூர் ஸ்லிங் பயிற்சியாளர்

மாதவரம் அக்கா சொல்றதை ஒத்துக்கிறேன். 4 மாசம் தாண்டி கழுத்து நின்னப்புறம், தூரப் பயணத்துக்கு பெல்ட் கேரியர்தான் மேல். இப்போதைக்கு, தையல் ஆறுற காலத்துக்கு, ரிங் ஸ்லிங். டயப்பர் பையை முதுகுல மாட்டுற பையா மாத்திட்டா தோள் சமமாகிடும்.

தண்டையார்பேட்டை புது அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரிங் ஸ்லிங்குன்னே முடிவு பண்ணிட்டேன். இன்னும் சில சந்தேகம். வெளியே போனா பாதி நாள் சேலைதான் கட்டுவேன். முந்தானை இடது தோள்ல இருக்கும், ஸ்லிங்கை எந்தத் தோள்ல போடுறது? அத்தை சொன்ன பழைய சேலை விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலை. வீட்டுக்காரர் பைக்ல பின்னாடி உட்கார்ந்து ஸ்லிங்ல வச்சுக்கிட்டுப் போகலாமா? அம்மா வீடு பக்கம்தான், மெதுவாத்தான் ஓட்டுவார்.

வண்ணை தையல்கடை

சேலைக்கு நான் சொல்றேன். சேலை ஐந்தரை மீட்டர் நீளம், ஒண்ணே கால் கஜத்துக்கு மேல அகலம். அப்படியே உடம்புல சுத்திக் கட்டினா அகலத்தை ரெண்டா மடிக்கணும், மடிச்சதே குழந்தை மேல குறுக்கும் நெடுக்குமா வரும்போது அடுக்கு கூடிப்போகும். வெக்கை தாங்காது, பால் கொடுக்க அவிழ்க்கவும் முடியாது. ஒரு முனையைத் தோள்ல முடிச்சுப் போட்டுத் தூளி மாதிரி தொங்க விட்டா, ராயபுரம் சிஸ்டர் சொன்ன பை ஸ்லிங்தான் அது. குழந்தை சுருண்டுக்கும்.

ஆனா நல்ல கெட்டிக் காட்டன் சேலை, காஞ்சி காட்டனோ செட்டிநாடோ இருந்தா, உடல் பகுதியில இருந்து இரண்டே கால் மீட்டர் வெட்டி வளையம் வச்சுத் தைக்கலாம். முந்தானையை விட்டுடுங்க, ஜரிகை குழந்தை கன்னத்தைக் கீறும், நெசவும் அங்க மாறும். பழசுன்னா வெளிச்சத்துக்கு எதிரா விரிச்சுப் பிடிச்சுப் பாருங்க. இடுப்பு மடிப்பு வந்த இடத்துலயும் கொசுவம் சொருகின இடத்துலயும் நூல் தேய்ஞ்சு சல்லடை மாதிரி தெரியும். அப்புறம் ரெண்டு கட்டைவிரலையும் சேர்த்து வச்சு எதிர்ப்பக்கமா வெடுக்குன்னு இழுங்க. நூல் விரிஞ்சோ கிழிஞ்சோ போனா அது தூக்கத் தாங்காது, அணையாடைக்கு வெட்டிக்கோங்க. அத்தை மனசும் கோணாது.

பெரம்பூர் ஸ்லிங் பயிற்சியாளர்

சேலைக்கு வளையம் வலது தோள்ல. அப்போ துணி முதுகு வழியா இடது இடுப்புக்கு வரும், குழந்தை இடது மார்புப் பக்கம் சுலபமாச் சாயும். பொதுவா வளையம் எந்தத் தோளோ அதுக்கு எதிர் மார்புல கொடுக்கிறதுதான் எளிசு. வலது பக்கம் கொடுக்கணும்னா உட்கார்ந்து ஸ்லிங்கைக் கழட்டிட்டே கொடுங்க, இல்லைன்னா அடுத்த முறைக்குத் தோள் மாத்திப் போடுங்க. ஒரே தோள்ல போட்டு ஒரே பக்கமே கொடுத்துக்கிட்டிருந்தா மறுபக்கம் பால் கட்டிக்கும். முந்தானையை மடிப்பு வச்சு பின் குத்தாம, ஒத்தையா விடுங்க. ஸ்லிங் அதுக்கு மேல வரட்டும். முன்பக்கக் கொக்கி ரவிக்கைன்னா கீழ் ரெண்டு கொக்கியை மட்டும் கழட்டினாப் போதும். சுடிதார்னா ரெண்டு பக்கமும் ஜிப் வச்ச ஃபீடிங் குர்த்தி. நடுவுல ஜிப் இருக்கிற நைட்டி மாதிரி டாப் ஸ்லிங்குக்குள்ள திறக்காது, குழந்தை மறைச்சுக்கும்.

ஒண்ணு மறக்காதீங்க. தாலிச் சங்கிலியில ஊக்கு மாட்டி வச்சிருப்போம் இல்லையா, ஸ்லிங் போடுற நாள்ல எல்லாத்தையும் கழட்டி வச்சுடுங்க. பாப்பா கன்னம் சரியா அந்த இடத்துலதான் உரசும். சங்கிலியை முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டா இன்னும் நல்லது. பாப்பா கழுத்துல கயிறோ வசம்பு மணியோ கட்டியிருந்தா அதுவும் வேண்டாம், ஸ்லிங் ஓரத்துல சிக்கினா இறுக்கும்.

பைக் வேண்டவே வேண்டாம். மெதுவா ஓட்டினாலும் வேண்டாம். ஸ்லிங் தூக்குறதுக்குத்தான், மோதலைத் தாங்குறதுக்கு இல்லை. விழுந்தா உங்க உடம்புக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருப்பது குழந்தை. வால்துணி சக்கரத்துல சிக்கவும் வாய்ப்பு இருக்கு. 4 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையை பைக்ல கூட்டிட்டுப் போனா பாதுகாப்புப் பட்டையும், 9 மாசத்துல இருந்து ஹெல்மெட்டும் வேணும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாதுன்னு மத்திய மோட்டார் வாகன விதியே 2023 பிப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. ஸ்லிங் அந்தப் பட்டை ஆகாது, 7 வாரக் குழந்தைக்கு ஹெல்மெட்டும் கிடையாது. எண்ணூர் விரைவுச் சாலையில கன்டெய்னர் லாரிக்கு நடுவுல எவ்வளவு மெதுவாப் போனா என்ன? தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறினா திருவொற்றியூர்ல இறங்கலாம், அதுல போங்க.

மின்சார ரயில்ல ஏறும்போது ஒரு கை கம்பி, ஒரு கை குழந்தை முதுகு, பை முதுகுல. பால் கொடுத்துக்கிட்டே ஏறவோ இறங்கவோ, படி இறங்கவோ வேண்டாம். வண்டி வருதுன்னா பற்றை விடுவிச்சு மேலே ஏத்திட்டு அப்புறம் எழுந்திருங்க, அந்த வண்டி போனா அடுத்தது வரும். கீழே விழுந்ததை எடுக்க இடுப்பை வளைக்காம முட்டி மடக்கி உட்கார்ந்து எடுங்க. வீட்டுல அடுப்பு வேலைக்கு ஸ்லிங் ஆகாது, சூடா டீயும் குடிக்காதீங்க. பெரிய பஸ் நிலையங்கள்ல 2015-ல இருந்து தாய்ப்பால் அறை வச்சிருக்காங்க. அப்படி உட்கார இடம் கிடைச்சா ஸ்லிங்கைக் கழட்டிட்டு நிம்மதியா மடியில வச்சே கொடுங்க. ஸ்லிங்ல கொடுக்கிறது இடம் கிடைக்காத நேரத்துக்கு.

ராயபுரம் தாய்ப்பால் ஆலோசகர்

10-ஆவது வார ஊசிக்கு ஒரு குறிப்பு. ஊசி தொடையில் போடுவார்கள். போடும்போது ஸ்லிங்கில் வைத்திருக்காதீர்கள், மடியில் வைத்துப் பால் கொடுத்தபடி போட்டுக்கொண்டால் வலி குறையும். நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அன்று முழுக்க ஸ்லிங் துணியின் கீழ் ஓரம் ஊசி போட்ட இடத்தில் அழுத்தாமல் முழங்கால் மடிப்பில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் ஸ்லிங் வேண்டாம், சூடு ஏறும்.

வண்ணை தையல்கடை

துவைக்கிறதுக்கு: வளையத்தை ஒரு பழைய சாக்ஸுக்குள்ள கட்டிட்டு பச்சைத் தண்ணியில சாதா சோப்பு. கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கி ஊத்தாதீங்க, துணி வழவழன்னு ஆகி வளையத்துல நிக்காது. கஞ்சியும் கூடாது. நிழல்ல காய வையுங்க. மாசம் ஒருதரம் மூணு வரிசைத் தையலையும் விரலால தடவிப் பாருங்க, ஒரு வரிசையில நூல் விட்டிருந்தாலும் அதைப் போடாம கடைக்கு எடுத்துட்டு வாங்க. பழைய தையல் மேலயே ஓட்டாம, பிரிச்சுட்டுப் புதுசாப் போடச் சொல்லுங்க.